இறக்கச் சொல்லித் தராத மாஸ்டர்

போன வாரம் வால்வு ரேடியோக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு தருமபுரியிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். “பட்டாளத்துக்காரர்களுக்கு ஏரோப்ளேன் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே, அது என்ன கதை?” என்று கேட்கிறார்.

நழுவியது உண்மைதான். அந்தக் கதையில் எனக்கு எரிச்சல் வராத இடம் ஒன்றுகூடக் கிடையாது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் பேனா முனையை அழுத்தி ஒடித்துவிடுவேன் போலிருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டார், சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருஷம் சரியாக நினைவில்லை. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் இருந்த என் ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நாயக் மாதையன் இறங்கினார். காக்கிச் சட்டைக் கையில் நாயக் பதவிக்கான இரண்டு பட்டை, தலையில் நனைந்த தொப்பி, கையில் ஒரு மஞ்சள் பை.

“காவேரிப்பட்டணத்துலேர்ந்து எம் பொஞ்சாதி குடுத்தனுப்புனா, மாஸ்டர். மாம்பழம். இந்த வருசத்துக்கு இதாங் கடைசி.”

என்னைவிட ஏழெட்டு வயது மூத்த மனிதர். எனக்கு அப்போது இருபத்தாறு. அவர் வாயால் மாஸ்டர் என்று கேட்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

“உக்காருங்க நாயக். முகாமிலேர்ந்து ஆறு மைல் மழையிலயா வந்தீங்க?”

“உக்காரலைங்க. ஒரே ஒரு மணி நேரம், மாஸ்டர். எறக்கறது எப்பிடின்னு மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாங்க.”

“உங்க கேப்டன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, சொல்லித் தர்றேன்,” என்றேன்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாம்பழத்தை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எதை இறக்க, நடுவில் கேப்டன் எதற்கு என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

ஈதரும் விளக்கெண்ணெயும்

சம்பாதிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் பஜனைக்குப் போவார்கள். நான் விமானம் செய்தேன். பொம்மை விமானம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஐந்தடி இறக்கை, உள்ளே நிஜ எஞ்சின், நிஜமாகவே பறக்கும்.

எலும்புக்கூடு லேசான மரத்தில். மரம் பெங்களூரில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். அதன்மேல் போர்த்துவது மெல்லிய பட்டு. பட்டுக்குப் பக்கத்துக் கடை காதர் பாய் இருந்தார். ஜவுளி வியாபாரி. துண்டு விழும் பட்டையெல்லாம் எனக்காக எடுத்து வைப்பார். பட்டை ஒட்டி மேலே ஒரு மருந்து பூசினால் அது காய்ந்து மேளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த மருந்துக்குக் கனிந்த வாழைப்பழ வாசனை. எஞ்சினுக்கு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தாகத் தரும் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்து ஊற்ற வேண்டும். ரேடியோ ரிப்பேருக்கு வருகிறவர்கள், இது கடையா ஆஸ்பத்திரியா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

“தம்பி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வர்றவங்களை மட்டும் கடைக்குக் கூட்டிட்டு வந்துடாதே,” என்பார் காதர் பாய்.

கயிறு கட்டி வட்டமாகப் பறக்கவிடுகிறவர்கள் பெங்களூரில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் கயிறில்லாமல் ரேடியோ அலையில் ஓட்டினேன். அதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். ஒன்றரை வருஷம் அலைந்து வாங்கினேன். எந்த அலையில், எத்தனை சக்தியில், எந்த ஊரில் என்று ஆயிரம் நிபந்தனை போட்ட ஒரு காகிதம். எங்கள் வட்டாரத்தில் அது என் ஒருவனிடம்தான் இருந்தது. கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருந்தேன்.

ஓட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். என் பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் விமானம் வலப்பக்கம் திரும்பும். விட்டால் நேரே போகும். அடுத்த முறை அழுத்தினால் இடப்பக்கம். அதற்கடுத்து மறுபடி வலம். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை ஓட்டுகிறவன் மனதில் வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் தீர்ந்தது.

ஜீப்

அந்த வருஷம் உத்தனப்பள்ளி ரோட்டில், மேய்ச்சல் வெளியில், பட்டாளம் வந்து கூடாரம் போட்டது. இப்போது அந்த இடத்தில் கம்பெனி காம்பவுண்டு சுவர்தான் தெரியும், ஷிப்டு பஸ் நிற்கும். அப்போது வெறும் புல்லும் பாறையும்.

வந்தவர்கள் விமானத்தைச் சுடும் பீரங்கிக்காரர்கள். அவர்கள் குறி பார்த்துப் பழக, ஆளில்லாமல் பறக்கும் விமானங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கியிருந்தன. ஆள் அளவுக்குப் பெரியவை. தரையிலிருந்து ரேடியோவால் ஓட்ட வேண்டும். நிஜமாகச் சுடுவது எங்கேயோ கடற்கரையில். இங்கே குண்டு போடாமல் பீரங்கிக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பழகுவது மட்டும். எல்லாம் சரி, ஓட்டுவதற்குத்தான் ஆளில்லை. கூட வந்த புத்தகத்தைப் படித்து ஓட்டிப் பார்த்ததில் இரண்டு விமானம் முதல் நாளே நொறுங்கிப் போயின.

ஒரு காலையில் கடை வாசலில் ஜீப் நின்றது. கடைத்தெருவே கூடிவிட்டது. தமிழில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர் என்று, நான் எந்தக் குற்றத்துக்காகப் பிடிபட்டேன் என்பதை மூன்று பாஷையிலும் பேசிக்கொண்டார்கள். ஜீப்பிலிருந்து கேப்டன் இறங்கினார். பெங்களூர் கண்டோன்மெண்டில் வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். சுவரில் இருந்த லைசென்ஸைத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

“மிஸ்டர், என் பசங்களுக்கு இதைச் சொல்லித் தரணும். ரெண்டு மாசம். தேசத்துக்குச் செய்யற உதவின்னு வெச்சுக்குங்க.”

எனக்குத் தலை கால் புரியவில்லை. உடனே சரி என்றேன். இன்று யோசித்தால் அன்றைக்கே கொஞ்சம் கேள்வி கேட்டிருக்கலாம்.

தொடாமல் சொல்லிக் கொடு

முதல் கஷ்டம் வாசலிலேயே ஆரம்பித்தது. காவலுக்கு நிற்கும் சிப்பாய் தினமும் என்னை யார் என்று கேட்பான். முதல் நாள் கேட்டான், நியாயம். முப்பதாவது நாளும் கேட்டான். முந்தின சாயங்காலம்தான் அவன் கைக்கடிகாரத்தை ரிப்பேர் செய்து கொடுத்திருந்தேன், அப்போதும் கேட்டான்.

இரண்டாவது, அரசாங்கப் பெட்டியைச் சிவிலியன் தொடக்கூடாதாம்.

“தொடாம எப்பிடி சார் சொல்லித் தர்றது?”

“வாயால சொல்லுங்க. மூணு அடி தள்ளி நின்னு.”

நீச்சல் கற்றுக்கொடுக்கிறவனைக் கரையில் கட்டிப் போட்ட கதைதான். எனவே முதல் மாதம் முழுக்க என் சொந்த விமானத்தில் பழக்கினேன். என் விமானத்தை யார் வேண்டுமானாலும் தொடலாம், உடைக்கலாம், அதற்கு மட்டும் எந்த விதியும் இல்லை.

ஆறு பேரை அனுப்பினார்கள். அதில் ஐந்து பேருக்கு, விமானம் எதிரே வரும்போது வலம் இடமாகிவிடும் என்ற கணக்கு கடைசி வரை பிடிபடவில்லை. மாதையனுக்கு இரண்டாவது நாளே பிடிபட்டது.

“எப்பிடி நாயக்?”

“நான் இங்க நிக்கலைங்க. அதுக்குள்ள வண்டியோட்டி மாதிரி உக்காந்துக்கறன். மாடு எந்தப் பக்கம் மூஞ்சியக் காட்டுனாலும் வண்டியோட்டிக்கு வலது கை வலது கைதானுங்களே.”

இதைவிட நன்றாக நானே சொல்லியிருக்க முடியாது. மாதையனுடையது விவசாயக் குடும்பம். தென்பெண்ணை ஆற்றோரம் கொஞ்சம் நிலம். பதினோரு வருஷம் பட்டாளத்தில், பெரும்பாலும் வடக்கே பனியில். போன லீவில் ஊருக்குப் போனபோது நான்கு வயது மகள் அவரைப் பார்த்து, “அம்மா, யாரோ மாமா வந்திருக்காரு” என்று சொல்லியிருக்கிறாள். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு பேரில் ஒருவரைத்தான் இந்த விமானப் பிரிவுக்கு நிரந்தரமாக எடுப்பார்கள். தேறினால் மூன்றாவது பட்டை, மூன்று வருஷத்துக்கு இந்த முகாம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் வீடு. தேறாவிட்டால் மறுபடி பனி. மாதையனுக்கு அந்தப் பிரிவு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு முதல் வாரமே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

வலக்கை மேலே போனது

மூன்றாவது வாரம். நல்ல வெயில், காற்றில்லை. என் விமானம் முந்நூறு அடி உயரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மாதையன் கையில் பெட்டி. பட்டுக்குள்ளே வெயில் புகுந்து உள்ளே இருக்கும் குச்சிகள்கூடத் தெரிந்தன. இரண்டு வருஷ உழைப்பு மேலே பறக்கிறது, கீழே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கேப்டன் பின்னாலிருந்து நடந்து வந்தார். அவ்வளவுதான். மாதையன் பெட்டியை இடக்கைக்கு மாற்றி, விறைத்து நின்று, வலக்கையை உயர்த்தி சல்யூட் அடித்தார்.

பெட்டி கைமாறியதில் பொத்தான் ஒரு தடவையோ இரண்டு தடவையோ அமுங்கியிருக்கிறது. எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. எண்ணிக்கை போயிற்று. இடது வேண்டும் என்று அழுத்தினார், வலது போயிற்று. பதறி இன்னொன்று அழுத்தினார். விமானம் சுழன்றுகொண்டே வந்து முள்ளுப் புதரில் தலை குப்புற விழுந்தது.

நான் ஓடினேன். பட்டு கிழிந்து தொங்கியது. இடது இறக்கை இரண்டாக முறிந்திருந்தது. திரும்பி வந்து கேப்டனிடம் கத்தினேன்.

“பறக்கும்போது சல்யூட் அடிக்கச் சொல்லாதீங்க சார்!”

“ஆபீசர் வந்தா சல்யூட் அடிக்கணும், மிஸ்டர். அது ரூல்.”

“அப்ப நீங்க வராதீங்க!”

கேப்டன் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளே ஒரு உத்தரவு டைப் அடித்து ஒட்டினார்: பறக்கும் நேரத்தில் ஓட்டுநர் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை, ஆனால் வாயால் மரியாதை சொல்ல வேண்டும். அன்றிலிருந்து மாதையன் விமானம் கவிழ்கிற நேரத்திலும் “ஜெய்ஹிந்த் சாப்” என்று கத்திக்கொண்டே ஓட்டினார்.

சாயங்காலம் அவரே புதருக்குள் புகுந்து உடைந்த குச்சிகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து தந்தார். கை முழுக்க முள் கீறல். “மன்னிச்சுக்குங்க மாஸ்டர், கை தன்னால மேல போயிடுச்சு,” என்றார். பதினோரு வருஷப் பழக்கம், அவர் என்ன செய்வார்.

வெட்டப்பட்ட பாடம்

எங்களைப் போல விமானம் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது இறக்குவதைத்தான். ஏற்றுவதற்கு எஞ்சின் போதும். இறக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு காற்றை எதிர்த்து எப்படிக் கொண்டுவருவது, எங்கே கடைசித் திருப்பம் போடுவது என்பதுதான் எங்கள் முழு வித்தை. பாடத்திட்டம் எழுதிக் கொடு என்று கேப்டன் கேட்டபோது நானும் அதைத்தான் முதல் வரியாக எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது மாதம், பட்டாளத்து விமானத்துக்கு மாறும் சமயத்தில், அந்தக் காகிதம் திரும்பி வந்தது. முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

“இது எதுக்கு மிஸ்டர்? எங்க டார்கெட் விமானத்துல பாராசூட் இருக்கு. சுவிட்சைத் தட்டினா எஞ்சின் நிக்கும், மூடி திறக்கும், பாராசூட் விரியும், அதுவா இறங்கும். லேண்டிங்கே கிடையாது.”

“விரியலைன்னா?”

“விரியும்னு புக்குல போட்டிருக்கு.”

“புக்கு பறக்காது சார்.”

“இங்க பாருங்க. இது கடைசியில சுட்டுத் தள்ளறதுக்குன்னே வாங்கினது. அதைப் பத்திரமா இறக்கச் சொல்லித் தர்றேன்னு ஒரு வாரம் கேக்கறீங்க. நான் மேலே என்ன பதில் சொல்றது?”

உடம்பெல்லாம் எரிந்தது. என் வாழ்நாள் முழுக்க ஒரு பொருளை முழுசாகத் தரைக்குக் கொண்டுவரப் பாடுபட்டிருக்கிறேன். அதுதான் தேவையில்லை என்று சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டார்கள். சரி, வேண்டாம் என்றால் வேண்டாம், நீங்களாச்சு உங்கள் பாராசூட்டாச்சு என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுதான் மாதையன் மாம்பழப் பையோடு வந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. பாராசூட்டை அவரே மடிக்கிறவர். சாரலில் துணி காயவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். இந்த முறை கையில் ஒன்றுமில்லை.

“கேப்டன் எழுதித் தர மாட்டாருங்க, மாஸ்டர். உங்களுக்கே தெரியும். எனக்காகச் சொல்லுங்க.”

“சொன்னேனே நாயக். சொல்லித் தரக்கூடாதுன்னு அவங்களே கோடு போட்டுட்டாங்க. நான் ரூலை மீற மாட்டேன்.”

ரூல்! ரூலைப் பார்த்தாலே எரிந்து விழுகிற நான் சொன்ன சொல் அது. என் கோபம் கேப்டன்மேல். அதைத் தீர்த்துக்கொண்டது மாதையன்மேல்.

மூன்று படி

பரீட்சைக்கு முந்தின நாள் கேப்டனின் குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். பயிற்சி முடிந்தது என்று நான் சான்று தர வேண்டுமாம். மூன்று படி. பொடி எழுத்தில் இரண்டு பக்கம். அந்த இரண்டு மாதத்தில் நான் போட்ட கையெழுத்துகளைச் சேர்த்து வைத்தால் ஒரு புத்தகம் ஆகும். வாசலில் கையெழுத்து, டீ குடித்தால் கையெழுத்து, என் சொந்த ஸ்க்ரூ டிரைவரை வெளியே கொண்டுபோகக் கையெழுத்து. விட்டால் போதும் என்று மூன்று படியிலும் கிறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். படிக்கவில்லை.

ஈரத் துணி

பரீட்சை நாளில் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பீரங்கிகள் வரிசையாக நின்றன. சிவிலியன் என்பதால் என்னை ஐம்பது கெஜம் தள்ளி, கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிறுத்தினார்கள்.

மாதையன் அன்று ஓட்டிய அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கனத்த தகர வண்டியை அவர் பருந்து மாதிரி சாய்த்துத் திருப்பினார். எதிரே வரும்போது ஒரு தடுமாற்றம் கிடையாது. பீரங்கிக்காரர்கள் குழாயைத் திருப்பித் திருப்பிக் களைத்துப் போனார்கள். பெரிய அதிகாரி எழுந்து நின்று பார்த்தார். மூன்றாவது பட்டை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கேப்டன் கொடி காட்டினார். மாதையன் சுவிட்சைத் தட்டினார். எஞ்சின் நின்றது. மூடி திறந்தது. பாராசூட் வெளியே வந்தது, ஆனால் விரியவில்லை. பிழியாத வேட்டி மாதிரி ஒரே சுருட்டாக வாலுக்குப் பின்னால் தொங்கியது.

சத்தமே இல்லாமல் விமானம் இறங்க ஆரம்பித்தது. புல்வெளியைத் தாண்டிக் கேழ்வரகுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேராக அவர்களைப் பார்த்துப் போனது. உயரம் இருக்கும்போதே காற்றுப் பக்கம் திருப்பியிருந்தால் புல்வெளியிலேயே வயிற்றைத் தேய்த்து உட்கார வைத்திருக்கலாம். அது தெரிந்த நான் கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“இப்பவே திருப்புங்க நாயக்! இப்பவே!” என்று கத்தினேன். அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போது விடுவது என்பதையெல்லாம் ஐம்பது கெஜத்திலிருந்து கத்திச் சொல்ல முடியுமா?

கடைசி நேரத்தில், தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு, பெண்கள்மேல் விழாமல் இருக்க ஒரேயடியாகத் திருப்பினார். இறக்கை சரிந்து பாறையில் மோதியது. பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானம் சுக்குநூறு.

ஆறு மணிக்குள்

மறுநாள் காலை கேப்டன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் நான் கையெழுத்துப் போட்ட படிவம் இருந்தது. ஏழாவது வரியில் விரலை வைத்தார்: ஏற்றுதல், ஓட்டுதல், இறக்குதல் மூன்றிலும் முழுப் பயிற்சி அளிக்கப்பட்டது.

“இது நீங்க வெட்டின பாடம் சார்!”

“குமாஸ்தா வேற எங்கேயோ இருந்த பாரத்தைப் பாத்து அடிச்சிருக்கான். நானும் படிக்கலை, நீங்களும் படிக்கலை. இப்ப மேலே என்ன சொல்றாங்கன்னா, சொல்லித் தந்தும் இறக்கத் தெரியலை, மாதையன் மேலதான் தப்புங்கறாங்க. பாராசூட் மடிச்சதும் அவன்தான்.” படிவத்திலிருந்து விரலை எடுத்தார். “நான் வெட்டினேன்னு நான் எழுதறேன். ஆனா சொல்லித் தரலைன்னு முதல்ல நீங்க எழுதணும். எழுதினா, பொய்ச் சான்று கொடுத்தவர்னு உங்க லைசென்ஸ் ஆபீசுக்குக் காகிதம் போகும். அதை நான் தடுக்க முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபைல் பெங்களூர் போகுது. அதுக்குள்ள குடுங்க.”

கடைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மணி பதினொன்று. நாலே வரி எழுத வேண்டும்: நான் இறக்கச் சொல்லித் தரவில்லை. அவர் இரண்டு முறை வந்து கேட்டார். மறுத்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். லைசென்ஸ் சுவரிலிருந்து என்னைப் பார்த்தது. கிழித்தேன். இரண்டாவதில் அவர் கேட்டு நான் மறுத்ததை விட்டுவிட்டேன். மூன்றாவதில் குமாஸ்தா வந்து சேர்ந்தார். நான்காவதில் சாரலும் பாராசூட்டும் வந்தன. அதைப் படிக்கிறவர்களுக்கு நான் அந்த முகாமுக்குப் போனேனா என்பதே சந்தேகமாக இருக்கும்.

மூன்று மணிக்குக் காதர் பாய் எட்டிப் பார்த்தார். கீழே கிடந்த காகிதங்களில் ஒன்றை எடுத்துப் படித்தார். முதல் படிதான் அது.

“இது சரியாத்தானே இருக்குது. ஏன் கிழிச்சே?”

“லைசென்ஸ் போயிடும் பாய்.”

“போவட்டும். இதை ஒட்டிக் கொண்டுபோய்க் குடு.”

நான் கேட்கவில்லை. ஐந்தாவது எழுதினேன். ஐந்தே கால் மணிக்குத்தான் எனக்கே வெட்கமாகிப் போய், முதல் படியில் இருந்ததை அப்படியே திரும்ப எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். மேட்டில் எதிர்காற்று. முகாம் வாசலில் அந்தச் சிப்பாய் நான் யார் என்று கேட்டான். உள்ளே போனபோது மணி ஆறே கால்.

கேப்டன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

“ஃபைல் போயிடுச்சு. அதுவுமில்லாம, மாதையன் நாலு மணிக்கே ஸ்டேட்மெண்ட் குடுத்துட்டான். ‘மாஸ்டர் எல்லாம் சரியாச் சொல்லிக் குடுத்தாரு, எனக்குத்தான் வரலை’ன்னு. இப்ப இதை அனுப்பினா அவன் பொய் சொன்னான்னு அதுக்கு வேற கேஸ் வரும். வேண்டாம் மிஸ்டர். வீட்டுக்குப் போங்க.”

கூடாரங்களுக்குப் பின்னால் லாரி நின்றுகொண்டிருந்தது. மாதையன் தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி வடக்கே போக வேண்டும். ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூட நேரம் தரவில்லை.

“ஏன் நாயக் அப்பிடி எழுதிக் குடுத்தீங்க?”

“பின்ன என்னங்க பண்றது? உங்க லைசென்சு போயிட்டா நீங்க அப்புறம் என்னாத்தப் பறக்க வுடுவீங்க?” முடிச்சை இழுத்துப் பார்த்தார். “எனக்குப் பனி பழகிப்போச்சு, மாஸ்டர்.”

கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடி பேசினார்.

“வண்டி கெளம்ப இன்னும் செத்த நேரம் ஆவுங்க. இப்பவாச்சும் சொல்லுங்களேன். நேத்து நான் எப்பிடி எறக்கியிருக்கணும்?”

என் உள்ளங்கையை விமானமாக வைத்துச் சொன்னேன். எஞ்சின் நின்றதும் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று புல்லைப் பார். உயரம் இருக்கும்போதே பெரிய வட்டமாகத் திருப்பு. காற்றுக்கு நேராக வந்த பிறகு எதையும் தொடாதே. தரை நெருங்க நெருங்கத் திருப்பவே கூடாது, அதுவாக உட்காரும். அவர் தன் கையை நீட்டி ஒரு முறை செய்து காட்டினார். சரியாக இருந்தது. இன்னொரு முறை செய்தார். லாரியின் பின்பலகைமேல் அவர் கை ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கி நின்றது.

“இவ்ளோதானுங்களா, மாஸ்டர்?” என்று கேட்டார்.

இவ்வளவுதான். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.